இரண்டாம் கம்பி

ஆரியசாலை மொத்தக்கடைகள் முடிந்து கிள்ளிப்பாலம் பக்கம் இறங்கும் வழியில், மூன்று தெருக்கள் முட்டிக்கொள்ளும் இடத்தில், முக்கோணமாக ஒரு சிறிய பூங்கா இருக்கிறது. ஒரு முனையில் நின்று கல்லெறிந்தால் மறுமுனைக்கு வெளியே போய் விழும். எறிந்தும் இருக்கிறார்கள். நகரசபைப் பலகையில் அதற்கு ஒரு பெரிய மனிதரின் பெயர் உண்டு. எங்களில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. பார்க் என்றால் அது ஒன்றுதான்.

அந்தப் பார்க்கின் வரலாற்றை எழுதும்படி கல்லூரியில் எனக்கு ஒரு முறை வேலை கொடுத்தார்கள். பி.ஏ. இரண்டாம் வருடம். உங்கள் பகுதியில் உள்ள ஒரு பொது இடத்தின் வரலாறு, மலையாளத்தில், நான்கு பக்கம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். அதனால் எந்த வேலை கொடுத்தாலும் கொஞ்சம் அதிகமாகவே செய்துவிடுவேன். நான்கு பக்கம் கேட்டதற்குப் பதினொன்று எழுதினேன். அந்தத் தாளால் ஒரு மனிதரின் மண்டை உடைந்தது. அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

வரலாறு என்று நான் கேட்டு வைத்தது கொஞ்சம்தான். ராஜா காலத்தில் அங்கே ஒரு சிறு குளம் இருந்ததாம். நாஞ்சில் நாட்டிலிருந்து நெல் ஏற்றிக்கொண்டு சாலைக் கடைத்தெருவுக்கு வந்த வண்டி மாடுகள் அதில் தண்ணீர் குடித்தனவாம். குளத்தைத் தூர்த்தபோது மாடுகளுக்கென்று ஒரு கல் தொட்டி வைத்தார்கள். லாரி வந்ததும் மாடுகள் போயின, தொட்டி நின்றது. அதைச் சுற்றி நாலு மரம் நட்டு, இரும்புக் கம்பி வேலி போட்டு, மூன்று பெஞ்சும் ஒரு குழாயும் வைத்தார்கள். இவ்வளவும் ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. மீதிப் பத்துப் பக்கமும் அடிதடி.

நான் வேண்டுமென்று அப்படி எழுதவில்லை. யாரிடம் கேட்டாலும் அப்படித்தான் சொன்னார்கள். பெஞ்சைப் பற்றிக் கேட்டால், நடுப்பெஞ்சில் ஏன் ஒரு பலகை இல்லை என்பதைச் சொன்னார்கள். இரண்டு லாட்டரிக்காரர்கள் ஒரே இடத்தில் நிற்பதற்காகச் சண்டை போட்டு, ஒருவர் அந்தப் பலகையைப் பிடுங்கி மற்றவரின் முழங்காலில் போட்டார். கால் ஒடிந்தவர் இப்போதும் அங்கேதான் விற்கிறார். உட்கார்ந்து விற்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். வேலியைப் பற்றிக் கேட்டால் ஒரு ஹர்த்தால் நாளைச் சொன்னார்கள். வேலிக் கம்பி ஒவ்வொன்றும் மார்பு உயரம், முனை ஈட்டி போல இருக்கும். ஊர்வலத்தில் தடியடி நடந்து பையன்கள் ஓடிவந்தார்கள். அதில் ஒருவன் வாசலுக்குப் பக்கத்தில் வேலியைத் தாண்டப் பார்த்தான். கால் தாண்டிவிட்டது, கை தாண்டவில்லை. உள்ளங்கையில் ஈட்டி ஏறி மறுபக்கம் வந்துவிட்டது. வாசலில் சாயாக்கடை போட்டிருக்கும் சேச்சிதான் அவன் மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

"அவன் கரஞ்ஞில்ல மோனே, ஒரு சத்தம் இல்ல," என்று சேச்சி எனக்குச் சொன்னார். கரைவது என்றால் அழுவது. "ஞானாணு கரஞ்ஞது. அவன் என்னப் பாத்து, சேச்சி, கைவிடல்லேன்னு மட்டும் சொன்னான்."

கையை எடுத்த பிறகு யாரோ ஒரு பாறாங்கல்லால் அந்த முனையை அடித்து வளைத்துவிட்டார்கள். வாசலிலிருந்து முதலாவதாக இருக்கும் அந்தக் கம்பி மட்டும் இன்றும் தலை குனிந்து நிற்கும்.

குழாயடி எங்கள் வீட்டுக் கதை. ஒரு நாள் காலை ஏதோ பெரிய மனிதர்களின் வாகனங்கள் போகவேண்டும் என்று போலீஸ்காரர்கள் வாசலில் நின்றவர்களை விலக்கினார்கள். சொல்லிவிட்டு விலக்கவில்லை, லத்தியைச் சுழற்றிவிட்டுச் சொன்னார்கள். லத்தியின் நுனி என் அப்பாவின் வாயில் பட்டது. முன்பல் இரண்டும் போயிற்று. குழாயில் வாயைக் கொப்பளித்துவிட்டு, பற்களைத் தேடி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்து வந்த வண்டியில் ஏறி அப்பா வேலைக்குப் போய்விட்டார். சாயங்காலம் அம்மா சட்டையைத் துவைக்க எடுத்தபோதுதான் எங்களுக்குத் தெரியும். அதன் பிறகு அப்பா பேசினால் 'ல' எது 'ள' எது என்று பிரிக்க முடியாது.

இப்படிப்பட்ட இடத்துக்கு ஏன் போகவேண்டும் என்று கேட்கலாம். ஒன்பது மணிக்கு மேல் வந்து பாருங்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. தூங்குமூஞ்சி மரத்தின் நிழல் மூன்று பெஞ்சையும் மூடியிருக்கும். சந்தைச் சத்தம் முழுக்க வெளியே இருக்கும், உள்ளே வராது. ஏன் வராது என்று எனக்கு இன்றும் புரியவில்லை. வலியசாலையிலிருந்து ஓய்வுபெற்ற இரண்டு மூன்று பேர் வந்து மூன்று மூலையையும் சுற்றி நடப்பார்கள். ஈரமான கருங்கல் தொட்டியில் மைனாக்கள் குளிக்கும். எங்கள் வீடு ஆரியசாலைக்குப் பின்னால் ஒரே அறை. நான் பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் படித்தது அந்தப் பலகை இல்லாத பெஞ்சில்தான்.

ஒன்பது மணிக்கு முன்னால் அது வேறு பார்க். காலை ஆறரையிலிருந்து கட்டட வேலைக்காரர்கள் வந்து வாசலில் நிற்பார்கள். தென்காசி, சங்கரன்கோவில், கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து மலையாள நாட்டுக்குப் பிழைக்க வந்த ஆட்கள். பிக்கப் வண்டி வரும். டிரைவர் தலையை நீட்டி எத்தனை பேர் என்று கத்துவான். முதலில் ஏறுகிறவனுக்கு வேலை என்று விட்டால் தினமும் கொலை விழும். அதனால் அவர்களாக ஒரு முறை வைத்திருந்தார்கள். வந்ததும் அவரவர் பையை வேலிக் கம்பியில் மாட்டவேண்டும். வளைந்த கம்பி முதலாவது. அதில் பை மாட்டியவர் முதல் ஆள். அடுத்த கம்பி இரண்டாவது ஆள். பையை மாட்டிவிட்டுச் சாயா குடிக்கலாம், மரத்தடியில் படுக்கலாம், பை உங்களுக்காக நிற்கும். "இன்னைக்கு நான் மூணாங் கம்பி" என்றால் அது எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி. அடுத்தவன் பையைத் தொடுவது அங்கே மன்னிக்கவே முடியாத ஒன்று. தொட்டவனை அதற்குப் பிறகு எந்தக் கம்பியிலும் மாட்ட விடமாட்டார்கள்.

இதையும் என் கட்டுரையில் மூன்றாம் பக்கத்தில் அழகாக எழுதியிருந்தேன்.

அது மழை விட்டும் விடாத ஒரு திங்கள்கிழமை. ஒரு வாரமாக யாருக்கும் சரியான வேலை இல்லை. அப்பா ஆறு மணிக்கே போய் இரண்டாம் கம்பியைப் பிடித்துவிட்டார். அப்பா கொத்தனார். அவர் பையில் கரண்டி, மட்டப்பலகை, சுவர் நேர் பார்க்கும் ஓர் இரும்புத் தூக்குக்குண்டு, சோற்றுப் பாத்திரம். கூடவே அன்றைக்கு, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய என் கட்டுரையும். என் பை மழையில் ஒழுகும் என்பதால் அதில் வைத்திருந்தேன். மூன்றாம் கம்பியில் செங்கோட்டைக்காரர் மாட்டியிருந்தார். அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அப்பாவும் அவரும் ஒரே சாரத்தில் நின்று பூசியவர்கள். என் பிளஸ் டூ மார்க்கைப் பேப்பரில் பார்த்துவிட்டு முதலில் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தவர் அவர்தான்.

கல்லூரிக்குப் புறப்படுமுன் ஒருமுறை படித்துப் பார்க்கலாம் என்று நான் அப்பாவின் பையைக் கம்பியிலிருந்து இறக்கினேன். உறையைப் பிரித்து, முதல் வரியைப் பார்த்துக்கொண்டே, கைக்கு எட்டிய ஒரு வெறும் கம்பியில் பையை மாட்டிவிட்டு மரத்தடிக்குப் போய்விட்டேன். கைக்கு எட்டியது நாலாம் கம்பி. அதை அப்போது நான் கவனிக்கவே இல்லை. என் கண் முழுக்க என் கையெழுத்தில் இருந்தது.

பிக்கப் வந்தது.

"ரெண்டு பேர் மதி!" என்றான் டிரைவர். இரண்டு பேர் போதுமாம்.

முதல் கம்பிக்காரர் ஏறினார். அடுத்து செங்கோட்டை மாமா தன் பையை எடுத்துக்கொண்டு பின்பலகையில் காலை வைத்தார். சாயாக்கடையிலிருந்து அப்பா ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்தார்.

"அண்ணாச்சி, எறங்கு. நான்லா ரெண்டு."

"நீ எப்படிலே ரெண்டு? அங்க பாரு, உன் பை நாலாவதுலா கெடக்கு."

அப்பா திரும்பிப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். இரண்டாம் கம்பி வெறுமையாக இருந்தது. அப்பாவின் சிமெண்டுச் சாக்குப் பை நாலாம் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான்தான் என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் வேண்டும்? அந்த அளவு நேரம் இருந்தது. இன்னும் கொஞ்சம் கூடவே இருந்தது. டிரைவர் ஹார்ன் அடித்தான். யாரோ "வேகம் ஏறப்பா" என்றார்கள். தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன்.

"என் பையை எடுத்து மாத்திட்டு என்கிட்டயே கணக்கு சொல்லுதியா?" என்று அப்பா கேட்டார்.

"யாரு மாத்துனா? ஏல, நாக்கு அழுவிரும். நான் தொடல."

"நீ தொடாம அது நடந்தா போச்சு?"

அப்பா நாலாம் கம்பியிலிருந்து பையை உருவினார். தோளில் மாட்டிக்கொள்ளத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன். பிடியை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்து, அரிவாள் வீசுவது போல ஒரு வீச்சு வீசினார். பைக்குள் இருந்த தூக்குக்குண்டு மாமாவின் இடது காதில் இறங்கியது. ஒரு தேங்காயைத் தரையில் போட்டது மாதிரி சத்தம் கேட்டது. மாமா பலகையிலிருந்து இறங்கி இரண்டு அடி வைத்தார். கையைக் காதில் வைத்து எடுத்து, கையைப் பார்த்தார். பிறகு அப்பாவின் கழுத்தைப் பிடித்தார். இருவரும் வாசலைத் தாண்டி உள்ளே போனார்கள். அப்பா முட்டியால் அவர் வயிற்றில் இடித்தார். மாமா அப்பாவின் தலைமுடியைப் பிடித்து முகத்தை வேலியில் மோதினார். எல்லோரும் கத்தினார்கள். யாரும் நடுவில் போகவில்லை. அப்பா பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் அவர் நெஞ்சில் வைத்துத் தள்ளினார். மழைப் பாசியில் மாமாவின் கால் வாரிவிட்டது. பின்தலை தொட்டியின் விளிம்பில் பட்டது.

தொட்டியில் தண்ணீர் நிறைந்திருந்தது. அது சிவந்ததை நான் பார்த்தேன். சேச்சி சாயா வடிகட்டும் துணியோடு ஓடிவந்து அவர் தலையைப் பிடித்தார். பிக்கப் டிரைவர் ஏற்கனவே ஏறியிருந்த ஒருவரோடு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மாமாவை ஓர் ஆட்டோவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அப்பா எங்கும் ஓடவில்லை. வேலிக்குக் கீழே உட்கார்ந்து, கரண்டியையும் மட்டப்பலகையையும் பொறுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். போலீஸ் வந்து அவரை எழுப்பியபோது, "லே, பாத்திரத்த வீட்டுல குடுத்துரு," என்று சோற்றை என்னிடம் நீட்டினார். அவர் நெற்றியில் வேலிக் கம்பியின் தடம் நீளமாக இருந்தது.

நானும் ஸ்டேஷனுக்குப் போனேன்.

ஸ்டேஷனில் எழுதுகிற போலீஸ்காரரை ரைட்டர் என்பார்கள். கண்ணாடி போட்ட, சளி பிடித்த ஒரு மனிதர். நிதானமாக எழுதுவார். எழுதியதை ஒரு முறை வாய்க்குள் படித்துப் பார்ப்பார். அப்பாவை முன்னால் நிறுத்தி, என்ன செய்தாய் என்று கேட்டார். அப்பா இருபது வருடம் இங்கே இருந்து பேசும் தமிழும் மலையாளமும் கலந்த பேச்சில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

ரைட்டர் எழுதினார். எழுதியதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"தள்ளியோ, தல்லியோ?"

இதை விளக்கவேண்டும். மலையாளத்தில் தள்ளி என்றால் நாம் சொல்லும் தள்ளியதுதான். தல்லி என்றால் அடித்தது. ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். எங்கள் வீட்டில் அப்பா இரண்டையுமே சொல்வார். கோபம் வந்தால் "தல்லிப்புடுவேன்" என்பார், வழியை மறித்தால் "தள்ளி நில்லு" என்பார். பல் போன பிறகு இரண்டும் ஒரே மாதிரிதான் வெளியே வரும். கை ஓங்கியிருக்கிறதா இல்லையா என்று பார்த்துத்தான் நாங்கள் அர்த்தம் எடுப்போம்.

அப்பா மறுபடியும் சொன்னார். மறுபடியும் அதே சத்தம். பக்கத்தில் நின்ற இளம் போலீஸ்காரன், "தெளிச்சுப் பறயடா," என்று அப்பாவின் பிடரியில் ஓங்கி ஒன்று வைத்தான். அப்பாவின் முகம் மேசை வரை போய்த் திரும்பியது. மூன்றாம் முறையும் சொன்னார். எச்சிலும் ரத்தமும் கலந்து ரைட்டரின் தாளில் ஒரு துளி விழுந்தது.

"மதி மதி," என்று ரைட்டர் இளையவனைத் தடுத்தார். தாளை ஒரு துணியால் ஒற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நீ மகன் அல்லே? காலேஜில் படிக்குன்னவன்? இங்ஙோட்டு வா. தள்ளியதாணெங்கில் ஒரு வகுப்பு. தல்லியதாணெங்கில் வேறே வகுப்பு. இவன் எந்தாணு பறஞ்ஞது?"

வகுப்பு என்றால் எனக்கு அதுவரை பள்ளிக்கூடம்தான். அங்கே அது சட்டப் பிரிவு, அடித்ததற்குப் பெரியது, தள்ளியதற்குச் சிறியது. தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். தல்லி என்று எழுதியிருந்தது. நல்ல கையெழுத்து.

நான் இரண்டையும் பார்த்தவன். பை வீசியதையும் பார்த்தேன், நெஞ்சில் கை வைத்ததையும் பார்த்தேன். அப்பா எதைச் சொன்னார் என்று எனக்கு உண்மையில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மாமா பிழைப்பாரா என்றும் அப்போது யாருக்கும் தெரியாது. பையை நான்தான் மாற்றினேன் என்பதையும் சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் அப்பா ஒரு குற்றமும் செய்யாத மனிதரை அடித்தவர் ஆகிவிடுவார் என்று எனக்குள் ஒரு நியாயம் செய்துகொண்டேன். அது நியாயம் இல்லை என்று அப்போதே தெரியும்.

"தள்ளி, சார்," என்றேன். "ள்ள."

ரைட்டர் ஒரு கோடு கிழித்து, மேலே 'ள்ள' எழுதினார். திருத்திய இடத்தில் அப்பாவின் பெருவிரலைப் பிடித்து வைத்தார். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றியோடு பார்க்கிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாமாவுக்கு நினைவு திரும்பியிருந்தது. தலையில் பாதி மழித்து, தையல் கட்டு. இடது காதில் பஞ்சு. அவர் மனைவி அன்றைக்குத்தான் செங்கோட்டையிலிருந்து வந்து இறங்கியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு முஷ்டியாலும் என் நெஞ்சில் குத்தினார். குத்திக்கொண்டே இருந்தார். "ஒரே சட்டியில தின்னீங்களேடா, ஒரே சட்டியில தின்னீங்களேடா," என்று ஒவ்வொரு குத்துக்கும் சொன்னார். நர்ஸ் வந்து சத்தம் போட்டுத்தான் நிறுத்தினார். நான் கையைத் தூக்கவில்லை. அது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

ரைட்டர் வாக்குமூலம் எடுக்க வந்தார். மாமா கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: "தென்னி வீணு சாரே."

வழுக்கி விழுந்தாராம். ரைட்டர் பேனாவை மூடினார்.

"தள்ளியும் இல்ல, தல்லியும் இல்ல, தென்னியாணோ? நிங்ஙளு தமிழம்மாரு என்னக் கொல்லும்." தும்மிவிட்டு, மறுபடி பேனாவைத் திறந்து அதை எழுதிக்கொண்டு போனார்.

அவர் போனதும் மாமா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். வலது பக்கம் வரச் சொன்னார், இடது காது கேட்கவில்லை.

"கேஸுன்னா நானும்லா அலையணும் மருமவனே. அவன் உள்ள போனா எனக்கு என்ன கெடைக்கும்? அடிச்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. அந்தப் பார்க்குல அடி வாங்காதவன் எவன்? ஆனா பையை மாத்துனேன்னு சொன்னாம்லா, அது கூடாது. அத்தன பேரு முன்னால சொன்னான். நாளைக்கு எந்தக் கம்பியில எவன் என்னை மாட்ட விடுவான்? நான் தொடலைன்னு உங்கப்பன அங்க வந்து சொல்லச் சொல்லு. எனக்கு அது போதும்."

"சொல்லச் சொல்றேன் மாமா," என்றேன். நான்தான் என்று அங்கேயும் சொல்லவில்லை. அவர் மனைவி ஆரஞ்சு உரித்து எனக்கும் இரண்டு சுளை கொடுத்தார். தின்றேன்.

கேஸ் நிற்காமல் அப்பா வெளியே வந்ததும் மாமா சொன்னதைச் சொல்லிக் கேட்டேன். அவர் அசையவில்லை. "நான் ரெண்டாங் கம்பியிலதான் போட்டேன். என் கையால போட்டேன். அவன் மாத்தலைன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? பொய் சொல்லச் சொல்லுதியா?" அப்பாவுக்கு அது பொய். அவர் பக்கம் பார்த்தால் சரிதான். உண்மை என்னிடம் மட்டும் இருந்தது. மூன்று வாரம் அது என்னிடமே இருந்தது. கட்டுரையைக் கொடுத்துவிட்டேன். இவ்வளவு வன்முறை தேவையா என்று பேராசிரியர் சிவப்பு மையில் கேட்டிருந்தார்.

மூன்று வாரம் கழித்து மாமா பார்க்குக்கு வந்தார். தலையில் துண்டு. நான் பெஞ்சிலிருந்து பார்த்தேன். அவர் வந்தபோது நாலு கம்பியில்தான் பை இருந்தது. ஐந்தாம் கம்பியில் மாட்டப் போனார். பக்கத்தில் நின்றவர் தன் சோற்றுப் பாத்திரத்தை அதில் மாட்டினார். மாமா ஆறாவதுக்குப் போனார். அங்கே ஒருவர் தன் துண்டைப் போட்டார். ஏழாவதில் ஒரு செருப்பு தொங்கியது. யாரோ சிரித்தார்கள்.

"அண்ணாச்சி, உமக்குக் கம்பி எதுக்கு? எங்க வேணும்னாலும் மாத்திக்கிடுவீரே."

மாமா பையைக் கையில் வைத்துக்கொண்டு வேலியின் கடைசி வரை நடந்தார். அந்த மூலையில் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். அப்பா முதல் கம்பியில் பை மாட்டி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து போனேன்.

"மாமா, பையை நான்தான் மாத்துனேன்."

"என்னது?"

"பையை... நான்தான்..."

"சத்தமாச் சொல்லு. இந்தக் காது போச்சுலா."

நான் இடது பக்கம் நின்றிருந்தேன். வலது பக்கம் போய்ச் சொல்லியிருக்கலாம். அங்கேயே நின்று கத்தினேன். "பையை நான்தான் மாத்துனேன்! தாள் எடுக்க எறக்குனேன்! நாலாவதுல மாட்டுனது நான்! மாமா தொடல!"

வேலி நெடுக எல்லாத் தலையும் திரும்பியது. சேச்சி சாயா ஆற்றுவதை நிறுத்தினார்.

மாமா பையைக் கீழே வைத்தார். பிறகு என் இடது காதில் அறைந்தார். கரண்டி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை. எனக்கு ஒரு பக்கம் முழுக்க ஒரே விசில் சத்தமாகி, பார்க் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உட்கார்ந்துவிட்டேன். உதட்டுக்குள் பல் பட்டுக் கிழிந்திருந்தது.

அப்பா வருவது தெரிந்தது. அவரும் அடிக்கத்தான் வருகிறார் என்று தலையைக் குனிந்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய் மாமாவின் முன்னால் நின்றார்.

"அண்ணாச்சி, இவனுக்கு அந்தக் காதுலயும் ஒண்ணு குடு."

மாமா கொடுக்கவில்லை. அவருக்கு மூச்சு வாங்கியது. அப்பா கீழே கிடந்த அவர் பையை எடுத்தார். அடுத்தவன் பையைத் தொடக்கூடாத இடத்தில், எல்லோரும் பார்க்க, அதைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை நடந்தார். முதல் கம்பியில் இருந்த தன் பையை இறக்கிவிட்டு, வளைந்த அந்தக் கம்பியில் மாமாவின் பையை மாட்டினார். "இது செங்கோட்டைக்காரன் பை," என்றார். ஏழாம் கம்பியில் தொங்கிய செருப்பை எடுத்து ரோட்டில் எறிந்தார்.

பிக்கப் வந்தது. அன்றைக்கு நாலு பேர் கேட்டான். மாமா முதலில் ஏறினார். எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா எந்தக் கம்பியிலும் இல்லாததால் நின்றுவிட்டார். குழாயில் துண்டை நனைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில், பலகை இல்லாத பெஞ்சில் உட்கார்ந்தார். அதுவரை அவர் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. துண்டை என் வாயில் அழுத்தினார். வலித்தது.

"ஸ்டேஷன்ல அந்த ஆளு கேட்டாருலா," என்றார். "நான் என்ன சொன்னேன்னு நீ சொன்ன?"

"தள்ளுனேன்னு சொன்னதா."

அப்பா துண்டை எடுத்துப் பிழிந்தார்.

"எழுத்தெல்லாம் எனக்குத் தெரியாது. நான் அடிச்சேன்னுதாம்ல சொன்னேன். மூணு தடவ சொன்னேன்."